நான்காம் அத்தியாயத்தில் மூக்காயி

உலகத்தின் பெரிய பெரிய நகரங்களெல்லாம் கலர் லைட்டை முதலில் போட்டுவிட்டு, பச்சையில் போவதும் சிவப்பில் நிற்பதுமாகக் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கின்றன. யோசிக்கத் தெரியாத நகரங்கள். கண்டி அப்படியல்ல. மஹய்யாவவுக்குக் கீழே, தண்ணீர்த்தாங்கிச் சந்தியில் ஒரேயொரு கலர் லைட் போடுவதற்கு முன்னால், அதனால் காற்றுக்கு வருத்தமா, சாக்கடைக் கானுக்கு வருத்தமா, மரத்தில் உட்காரும் காகத்துக்கு வருத்தமா என்று முறைப்படி விசாரித்த நகரம் இது. மனித நாகரிகம் நெருப்பைக் கண்டுபிடித்ததில் தொடங்கி இந்த விசாரணையில்தான் நிறைவு பெற்றது.

விசாரித்தது 'சந்திகள் சுற்றாடல் மதிப்பீட்டுப் பிரிவு'. விளக்கும் கம்பமும் எப்போதோ வந்து, பொலித்தீன் உறையோடு அந்தக் காரியாலயத்தின் நடைபாதையில் படுத்திருந்தன. கண்டியில் மழைக்குக் குறைவில்லை. உத்தியோகத்தர்கள் தங்கள் ஈரக் குடைகளைக் கம்பத்தில்தான் காயப்போட்டார்கள். ஆகவே பொதுச் சொத்து பயனின்றிக் கிடந்தது என்று எவரும் வாய் திறக்க முடியாது.

அந்தப் பிரிவில் அறிக்கை முடியும்வரைக்குமான தற்காலிக உதவியாளன் அஜந்தன். பகலில் வேலை, மாலையில் சுற்றாடல் முகாமைத்துவ டிப்ளோமா வகுப்பு. எதையும் ஒழுங்காகச் செய்வான். செய்தது ஒழுங்குதானா என்று செய்ததைவிட அதிக நேரம் யோசிப்பான். சந்தியில் கம்பியின் மேல் காகம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து 'காகம்' என்று எழுதினான். காகம் பறந்துபோனது. பறந்துபோனதைச் சந்தியில் உள்ளதாக எழுதலாமா? வெட்டினான். காகம் திரும்பி வந்தது. மறுபடி எழுதினான். இப்படி ஒரு மனச்சாட்சி அரச காரியாலயத்தில் அகப்படுவது அபூர்வம் என்பதால், அறிக்கையின் முதுகெலும்பான நான்காம் அத்தியாயத்தை அவனிடமே ஒப்படைத்திருந்தார்கள்.

நான்காம் அத்தியாயத்தின் தலைப்பு 'தற்போதுள்ள சுற்றாடல்'. ஐந்தாம் அத்தியாயத்தின் தலைப்பு 'சமூகம்'. அதை எழுத வேண்டிய உத்தியோகத்தரின் பதவி நெடுங்காலமாக வெற்றிடம். ஆகவே அந்த அத்தியாயமும் வெற்றிடம்.

தண்ணீர்த்தாங்கிச் சந்தியில் அதுவரை கலர் லைட்டின் வேலையைப் பார்த்தது ஒரு விளக்குமாறு. அதன் மறுமுனையில் மூக்காயி. மஹய்யாவ லைன் வீடுகளைச் சேர்ந்த வீதி கூட்டும் தொழிலாளி, அஜந்தனின் அம்மா. எப்போதோ ஒரு காலையில், மஞ்சள் கோட்டருகே கடக்க முடியாமல் அழுதுகொண்டு நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைக்காக அவர் தன் ஈர்க்கு விளக்குமாற்றைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வீதியில் இறங்கினார். பஸ் நின்றது. லொறி நின்றது. பொலிஸ்காரருக்கு நிற்காத வான்கூட நின்றது. கானிலிருந்து எடுத்த கையோடு சொட்டிக்கொண்டிருந்த விளக்குமாற்றைக் கண்ணாடியில் வாங்கிக்கொள்ள எந்தச் சாரதிக்கும் மனம் வரவில்லை.

அன்றோடு அது அவர் கடமையாகிவிட்டது. இப்போது முழங்கால் மடங்க மறுக்கிறது. போன மாதம் ஒரு வானின் பக்கக் கண்ணாடி தோளில் இடித்துவிட்டுப் போனது. குளத்தடிப் பூங்காவுக்கு மாற்றிவிடும்படி கேட்டதற்கு, "லைட் எரியுற அன்னைக்கு அனுப்புறேன் மூக்காயி, அதுக்கு முந்தி கேக்காத" என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

"எப்படா லைட்டு போடுவீங்க?" என்று கேட்டார் மூக்காயி, முழங்காலில் தைலத்தைத் தேய்த்தபடி.

"அறிக்கை முடியணும்மா."

"அதுல அப்படி என்னதான்டா எழுதுற?"

"சந்தியில என்னென்ன இருக்குன்னு."

"என்னென்ன இருக்கு?"

"மாரா மரம் இருக்கு. கொரங்கு இருக்கு. காகம்... காகத்துல கொஞ்சம் சந்தேகம்."

"நான் இருக்கேனா?"

அஜந்தன் பேனாவை மூடினான்.

"கொரங்கு இருக்கு, நான் இல்ல. நல்லா படிச்சடா."

அன்று அவன் நெடுநேரம் யோசித்தான். அம்மா இருக்க வேண்டியது ஐந்தாம் அத்தியாயத்தில். ஆனால் அது அவனுடையதல்ல. அடுத்தவர் அத்தியாயத்தில் கைவைப்பது முறையல்ல. தன் கையில் இருப்பது நான்கு மட்டும். ஆகவே மாரா மரத்துக்குக் கீழே, குரங்குகளுக்கு மேலே, அழகாக எழுதினான்: 'விளக்குமாறு ஏந்திய பெண்மணி ஒருவர். சந்தியில் நிலையாக நிற்கிறார். இவரால் பாதசாரிகள் பெரும்பயன் அடைகின்றனர். உடல்நிலை கருதி, விளக்கு பொருத்தப்பட்டவுடன் இவர் இவ்விடத்திலிருந்து அகற்றப்பட வேண்டும்.'

தன் அம்மா என்று எழுதவில்லை. மதிப்பீட்டாளர் நடுநிலை வகிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதோடு, காரியாலயத்தில் அம்மாவைப் பற்றிக் கேட்டவர்களிடம் 'வெளிக்கள உத்தியோகம்' என்று சொல்லி வைத்திருந்தான்.

கள ஆய்வு நாள் வந்தது. தலைமை தாங்கியவர் பணிப்பாளர் பரமநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், இப்போது அம்பிட்டியவில் வீடு. தாவரப் பொறுப்பு அலவத்துகொட ஊர் ஸக்கியாவுக்கு. கையில் அளவு நாடா இல்லாமல் அவரைக் கண்டவர்கள் இல்லை. குழு சந்திக்கு வந்து, வீதியைக் கடக்க முடியாமல், ஓரத்திலேயே நின்றது. ஒரு கால் வைக்கும், ஒரு த்ரீவீல் வரும், கால் திரும்பிவரும். இதுவும் ஆய்வின் ஒரு பகுதி என்று பரமநாதன் அறிவித்தார்.

விளக்குமாறு உயர்ந்தது. வீதி உறைந்தது.

"வாங்க, வாங்க. பெரியவங்கெல்லாம் பயப்படாம வாங்க."

குழு நடுவீதிக்கு வந்தபோது மூக்காயியின் குரல் மறுபடி எழுந்தது. "டேய் அஜந்தா! சோத்துப் பார்சல விட்டுட்டுப் போயிட்டியேடா! தங்கச்சிகிட்ட குடுத்தனுப்பவா?"

ஆய்வுக் குழு நடுவீதியில் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் பஸ்கள் உறுமின.

"அல்லாவே, தம்பி, இது ஒங்கட உம்மாவா?" என்றார் ஸக்கியா.

"வெளிக்கள உத்தியோகம்" என்றான் அஜந்தன், செருப்பைப் பார்த்தபடி.

பரமநாதனுக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை. "அம்மா, எவ்வளவு காலமா இஞ்ச நிக்கிறியள்?"

"எங்கம்மா கூட்டுன ரோடு சார் இது. அதுக்கு முன்னால அவங்கம்மா."

"அப்ப பூர்வீகம்!" என்றார் பரமநாதன். "குறிச்சுக்கொள்ளும் தம்பி."

ஸக்கியா மாரா மரத்தின் சுற்றளவை எடுத்துவிட்டு, வேலை மும்முரத்தில் நாடாவோடு பட்டியலின் அடுத்த இலக்கத்தை நோக்கித் திரும்பினார். அடுத்த இலக்கம் மூக்காயி.

"என்னம்மா அளக்குறீங்க? பிளவுஸ் தைக்கவா?"

ஸக்கியா நாடாவைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

இறுதிக் கூட்டம் பிளேன்டீயோடும் ரோல்ஸோடும் கூடியது. நம் நாட்டின் மரம் காக்கும் விதிகளைப் போல் மேன்மையானவை வேறில்லை என்பது பரமநாதனின் கொள்கை. அந்தப் பிரிவின் விதி இதுதான்: நான்காம் அத்தியாயத்தில் பதியப்பட்ட எதுவும் திட்டத்தின் பொருட்டு அகற்றப்பட்டால், அதே இனத்தில் மூன்று, அதே இடத்தில், உள்ளூர் நாற்றுமேடையிலிருந்தே நடப்பட வேண்டும்.

"மாரா மரம்?" என்று கேட்டார் பரமநாதன்.

"தொடவே இல்ல சேர். கொப்பு ஒண்டும் வெட்டல்ல" என்றார் ஸக்கியா.

"நல்லது. குரங்கு?"

"அதுகள் தானா வரும், தானா போகும்."

"அப்ப அகற்றப்படுறது ஒரேயொரு ஆள்தான். தம்பி, மூக்காயி அம்மா எத்தனையாம் அத்தியாயம்?"

"நாலு, சேர்."

"நாலில கிடக்கிறது எடுபட்டா?"

"ஒன்றுக்கு மூன்று, சேர். ஆனா..." அஜந்தன் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான். "அவங்க மனுசி, சேர்."

"நான் மரம் எண்டு சொன்னனானோ?"

"ஐந்துக்கு மாத்திடுறேன் சேர். சமூகத்துக்கு."

"அஞ்சுக்கு ஆள் இல்லையே, தம்பி. ஆளில்லாத அத்தியாயத்தில கொண்டுபோய் அம்மாவைத் தனிய விடுறதோ? பாவமெல்லே?"

அந்தக் கருணையைக் கண்டு கூட்டம் தலையாட்டியது. ஸக்கியா மட்டும் ரோல்ஸைக் கீழே வைத்தார்.

"அப்ப மூணு பேர வேற எங்கயாச்சும் இருந்து எடுக்கலாமே சேர். அம்பிட்டியவுல ஒங்கட மகன் படிச்சி முடிச்சி வீட்டுலதானே ஈக்கிறார்?"

"பிள்ளை, நீர் தாவரம் படிச்சனீர்; உமக்கு நான் சொல்லித்தரவோ? அம்பிட்டிய மண் வேற. அவன் அந்தச் சந்தியில பிடிக்கமாட்டான், வாடிப்போவான். அதே இனம், அதே நாற்றுமேடை. மஹய்யாவதான்."

அஜந்தன் கையை உயர்த்தினான். தாய் என்பதால் நடுநிலை தவறுகிறோமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. கை பாதியிலேயே நின்றது. கூட்டக் குறிப்பில் 'ஏகமனதாக' என்று பதிவானது. பாதிக் கையைப் பதிவதற்கு அதில் வசதி இல்லை.

மஹய்யாவ 'நாற்றுமேடை'க்கு வந்த அதிகாரிகள் மிகவும் மரியாதையானவர்கள். யாரையும் வற்புறுத்தவில்லை. மூக்காயி குடியிருக்கும் லைன் வீடு அந்தச் சந்தி வேலையோடு சேர்ந்தது என்பதையும், வேலைக்கு ஆள் இல்லாவிட்டால் வீட்டுக்கும் ஆள் இருக்க முடியாது என்பதையும் மட்டும் நினைவூட்டினார்கள். புடைவைக் கடையில் விற்பனைக்கு நின்ற அஜந்தனின் தங்கை நிரோஷா தெரிவானாள். த்ரீவீல் ஓட்டிய சித்தப்பா மகன் சுரேஸ் தெரிவானான். மூன்றாவது நாற்றைத் தேட வேண்டியிருக்கவில்லை. பணிப்பாளர் அறிக்கையில் கையெழுத்து வைத்த கணத்தில், அறிக்கை முடியும்வரைக்குமான உதவியாளனின் வேலையும் முடிந்துவிட்டது.

"நிரந்தர நியமனம், தம்பி! பென்சனும் கிடக்கு" என்று பரமநாதன் கைகுலுக்கினார். "இவ்வளவு காலம் நீர் எழுதின சுற்றாடலுக்குள்ள நீரே போறீர். எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

வீட்டில் மூக்காயி தைலப் போத்தலை மூடிவிட்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய எடுக்கச் சொன்னேன்டா. வீட்டையே கொண்டுபோய் நடச் சொல்லலியே."

"நான் நல்லதுக்குத்தாம்மா எழுதுனேன்."

"அது தெரியுது. கொரங்குகூட தப்பிச்சிருச்சு."

சந்தியில் கலர் லைட் குத்துவிளக்கேற்றித் திறந்து வைக்கப்பட்டது. குறை சொல்ல இடமில்லாமல் வேலை செய்கிறது. சிவப்பில் எல்லா வாகனமும் நிற்கின்றன, பச்சையில் போகின்றன. பிள்ளைகள் சிரித்துக்கொண்டு கடக்கிறார்கள். விளக்குமாற்றை உயர்த்த எவருக்கும் எந்தத் தேவையும் இல்லை. ஆயினும் கம்பத்தைச் சுற்றிப் பச்சை அங்கி அணிந்த மூவர், ஆளுக்கொரு விளக்குமாற்றோடு, சிவப்பு விழும்போதெல்லாம் உயர்த்துகிறார்கள். நடப்பட்டவை உயிரோடு இருப்பதற்கு அதுதான் சான்று. அஜந்தன் அதையும் ஒழுங்காகவே செய்தான். மஞ்சளில் உயர்த்துவதா தாழ்த்துவதா என்பதில் மட்டும் அவனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

மூக்காயிக்குச் சொன்ன வாக்குத் தவறாமல் குளத்தடிப் பூங்கா கிடைத்தது. மாற்றல் கடிதத்தை வாங்க அவர் அந்தக் காரியாலயத்துக்குப் போயிருந்தார். கம்பம் போய்விட்டதால் நடைபாதை வெறிச்சென்று கிடந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. எல்லோருடைய குடைகளும் மூலையில் ஒரு கதிரையின் மேல் காய்ந்துகொண்டிருந்தன. யாருடைய கதிரை என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. அதன் முதுகில் மாலை வகுப்புக்கு முன் மகன் முகம் துடைக்கும் துவாய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

கண்காணிப்பு நாளன்று பணிப்பாளரும் ஸக்கியாவும் சந்திக்கு வந்தார்கள். ஸக்கியா அன்று நாடா கொண்டுவரவில்லை. பூங்காவில் வேலை முடிந்து வந்த மூக்காயி, பிள்ளைகளுக்குத் தேநீர்ப் போத்தலோடு மாரா மரத்தடியில் நின்றார்.

"பாத்தியளே அம்மா?" என்றார் பரமநாதன், மூவரையும் பெருமையோடு காட்டி. "ஒண்டை எடுத்தம், மூண்டை நட்டம். மூண்டும் நல்லா வேர்விட்டிட்டுது."

"விடாம என்ன சார், நாலு தலைமுறையா தண்ணி ஊத்துன மண்ணு." மூக்காயி தேநீரை மூடியில் ஊற்றி மகனிடம் நீட்டினார். "எனக்கு ஒண்ணு சொல்லுங்க. ஒங்க ஆபீசு கதிரையில எங்க ஆளு ஒருத்தன் இருந்தான். அவனையும்தானே எடுத்தீங்க. அந்த எடத்துல எங்க ஆளுங்க எத்தன பேர நட்டீங்க?"

ஸக்கியா தலையைக் குனிந்துகொண்டார். சிவப்பு விழுந்தது. மூன்று விளக்குமாறுகள் உயர்ந்தன. வாகனங்களெல்லாம் நின்றன. பரமநாதன் ஆபத்தில்லாமல் வீதியைக் கடந்து, மறுகரையில் நின்று திரும்பி, மிகுந்த கனிவோடு பதில் சொன்னார்.

"அது அஞ்சாம் அத்தியாயம், அம்மா. அதுக்கு இன்னும் ஆள் போடேல்லை."