சம்பந்தியின் ஆக்ஸிலேட்டர்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என் மகளும் தங்கள் மகனும் நலம். நானும் நலம், இடது முழங்கையில் ஒரு சிராய்ப்பு உண்டு, அது இந்தக் கடிதத்தின் நடுவில் வரும். தாங்களும் தங்கள் துணைவியாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் அறுவை சிகிச்சை செய்துகொண்ட முழங்கால் இப்போது படி ஏறுகிறதா என்று எழுதுங்கள். நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் மோட்டார் சைக்கிளை என் வீட்டுக் கார் ஷெட்டில் விட்டுவிட்டுப் போய் நான்கு மாதங்கள் ஆகின்றன. அதை விலைக்குக் கேட்டு ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒருவர் வருவார், காட்டிவிடுங்கள் என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னீர்கள். சரி என்றேன். நான் போனை வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நீங்கள் துணைவியாரிடம், "அந்தம்மாவுக்கு வண்டிக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு தெரியுமோ என்னமோ" என்றதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நாட்காட்டியில் மட்டும் குறித்து வைத்திருக்கிறேன்.

வண்டியில் ஒரு பழுதும் இல்லை என்று அந்த மனிதரிடம் சொல்லியிருக்கிறீர்கள். நான் கான்வென்ட்டில் படித்தவள். அடுத்தவர் சொன்ன பொய்யானாலும் என் வீட்டு வாசலில் நின்று அதற்குத் தலையாட்ட எனக்கு வராது. ஆகவே வெள்ளிக்கிழமை மாலை நானே ஷெட்டுக்குப் போய் வண்டியைச் சோதித்தேன். விளக்கு எரிந்தது. ஹாரன் அடித்தது. வலது கைப்பிடியை, அதாவது ஆக்ஸிலேட்டரை, முறுக்கினேன். விட்டேன். திரும்பவில்லை. தப்பு செய்துவிட்டு ஒத்துக்கொள்ளாத பிள்ளையைப் போல முறுக்கிய இடத்திலேயே விறைத்துக்கொண்டு நின்றது. கையை எடுத்தால் அது டக்கென்று பழைய இடத்துக்கு வர வேண்டும், வராவிட்டால் வண்டி யார் பேச்சையும் கேட்காமல் போய்க்கொண்டே இருக்கும் என்பது முன்பக்கம் பின்பக்கம் தெரியாதவளுக்கும் தெரியும்.

எதிர்ச்சாரியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். ஒரு குரல் கொடுத்தால் வந்திருப்பார். ஆனால் நான் குரல் கொடுத்தால் நீங்கள் துணைவியாரிடம் சொன்னது உண்மையாகிவிடும். ஞாயிறு பத்து மணிக்குள் இந்தக் கைப்பிடியை நானே சரிசெய்து காட்டுவது, இல்லாவிட்டால் இனி உங்கள் எதிரில் வண்டி என்ற வார்த்தையையே வாயில் எடுக்காமல் இருப்பது என்று முடிவு செய்து, மாடியில் இருந்த மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"அத்தை, அப்பா இந்த வண்டியைத் தொடைக்கக்கூட என்னை விட்டதில்ல," என்றார் தங்கள் மகன்.

"உங்கப்பா இங்க இல்ல. வாங்க."

வந்தார். பல் மருத்துவர் ஆயிற்றே, தலையில் கட்டும் விளக்கு, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி, கொக்கி ஊசி எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டே வந்தார். கார்ப்பரேட்டர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "எவ்ளோ நாளா இருக்கு?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா வண்டியைக் கேட்டாரா தெரியவில்லை, நாலு மாதம் என்றேன். சீட்டுக்கு அடியில் இருந்த கையேட்டை நான் உரக்கப் படித்தேன், அவர் செய்தார். (அந்தக் கையேட்டில் பதினொரு ஒற்றுப்பிழைகள். பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறேன்.) முதலில் பெட்ரோல் குழாயை மூடு என்றிருந்தது, மூடினோம். ஹேண்டில்பாரை இடக்கோடியிலும் வலக்கோடியிலும் திருப்பிவைத்து முறுக்கிப் பார் என்றிருந்தது, பார்த்தோம். இரண்டு பக்கமும் ஒரே பிடிவாதம், ஆகவே கேபிள் எங்கும் நசுங்கவில்லை. கேபிளைக் கார்ப்பரேட்டர் பக்கம் கழற்றிப் பார்த்தால் அங்கே உள்ள ஸ்பிரிங் துள்ளிக் குதிக்கிறது. "அத்தை, கீழ் வீட்ல பிரச்சனை இல்ல. மேல் வீட்லதான்," என்றார் மாப்பிள்ளை. அப்படிச் சொல்லிவிட்டு மாடியை நிமிர்ந்து பார்த்தார், அங்கே என் மகள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

மேல் வீட்டை, அதாவது கைப்பிடிப் பக்கத்தை, திறந்தோம். தூசி படியக்கூடாது என்று கைப்பிடிகளுக்கு நான் பின்னிப் போட்டிருந்த நூல் உறைகளைக் கழற்றி மடித்து ஸ்டூல் மேல் வைத்தேன். கைப்பிடிக் குழாயை மண்ணெண்ணெயில் கழுவினேன். கேபிளுக்குள் தையல் மெஷின் எண்ணெயை மாப்பிள்ளை சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒவ்வொரு சொட்டுக்கும் "அவ்ளோதான், முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று கேபிளைத் தேற்றிக்கொண்டே இருந்தார். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முறுக்கிவிட்டால், டக். இருபது முறை முறுக்கினோம், இருபது முறையும் டக். "நான் பல்லுக்குப் படிச்சதே தப்பு அத்தை," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, மண்ணெண்ணெயாகவும் இருக்கலாம். விருந்தாளி வரும் நேரத்தில் கைப்பிடி மொட்டையாக இருக்கக்கூடாது என்று உறைகளைப் பழையபடி மாட்டி, நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன்.

சனிக்கிழமை மாலை எஞ்சினை ஓடவிட்டு ஒரு கடைசிச் சோதனை. ஓட்டுபவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால்தான் கைப்பிடியின் குணம் தெரியும் என்று நான் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி ஸ்டாண்டில்தான் நின்றது, ஆனாலும் விதி விதிதான், ஹெல்மெட் போட்டுக்கொண்டேன். எஞ்சின் கிளம்பியது. முறுக்கினேன். விட்டேன். திரும்பவில்லை. வண்டி அலற ஆரம்பித்தது. அந்த அலறலில் மாப்பிள்ளை பதறிப்போய், எதையாவது மிதித்தால் நின்றுவிடும் என்று நினைத்தோ என்னவோ, "அத்தை, இந்தக் கட்டை எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே அதை மிதித்தார், அது கியர், பின்சக்கரம் கிறுகிறுவென்று சுற்ற, ஸ்டாண்டு நழுவ, நான் ஷெட்டைவிட்டு, சரிவைவிட்டு, கேட்டைவிட்டு, தெருவுக்கு வந்துவிட்டேன். எங்கள் தெரு ஒரு பூங்காவைச் சுற்றி வட்டமாகப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். கான்வென்ட்டுக்கு சைக்கிளில் போன கால்களும் கைகளும் எனக்கு இன்னும் அப்படியே இருக்கின்றன என்பதால் விழவில்லை. முதல் சுற்றில் மாடியிலிருந்து என் மகள், "அம்மா, எங்க போற?" என்று கத்தினாள். "தெரியல," என்றேன். இரண்டாவது சுற்றில், "சாவிய அணைம்மா, சாவிய," என்றாள். உண்மைதான், சாவி என் கண்ணுக்கு முன்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது சுற்றிலும் அதையே சொன்னாள். "அப்புறம்," என்றேன்.

சம்பந்தி, இதை உங்களிடம் சொல்லத்தான் வேண்டும். என் கணவர் இருந்தவரை முப்பத்தொரு வருஷம் நான் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்துதான் போயிருக்கிறேன். உலகத்தின் இடது பாதியை மட்டுமே பார்த்திருக்கிறேன். வலது பாதியை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன், அவரும் அதிகம் பேசமாட்டார். தெரு இப்படி நேராக நம் மடிமேல் வந்து விழும் என்று ஒருவர்கூட எனக்குச் சொன்னதில்லை.

நான்காவது சுற்றில் வண்டி இருமியது. பெட்ரோல் குழாயை மூடச் சொன்ன கையேடு திறக்கச் சொல்லவில்லை, ஆகவே நான் திறக்கவில்லை. உள்ளே மிச்சமிருந்ததுதான் அதுவரை ஓடியிருக்கிறது. வேலிச்செடியில் போய்ச் சாய்ந்து நின்றேன். சிராய்ப்பு அங்கேதான். மாப்பிள்ளை மூச்சிரைக்க ஓடிவந்து முதலில் என் பல்லைப் பார்த்தார். பின்னாலேயே என் மகள் வந்தாள். கைப்பிடியைப் பார்த்தாள், குனிந்தாள், நாடாவை அவிழ்த்து உறையை உருவினாள். டக்.

"வண்டிக்கு ஸ்வெட்டர் போட்டது யாரு?"

உறையின் விளிம்பு, கைப்பிடிக்கும் சுவிட்சுப் பெட்டிக்கும் நடுவில் புகுந்து சிக்கியிருக்கிறது. நான்கு மாதமாக.

"பின்னல் ரொம்ப நேர்த்தியா இருக்கு அத்தை," என்றார் தங்கள் மகன். நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறீர்கள்.

பின்னலில் குற்றம் இல்லை. இதே பின்னலுக்கு கான்வென்ட்டில் எனக்கு முதல் பரிசு. மோட்டார் சைக்கிளுக்கு எத்தனை கண்ணி விட வேண்டும் என்று சிஸ்டர்கள் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் வண்டியில் பழுது இல்லை என்று நீங்கள் சொன்னது உண்மை. பொய் என்று நான் மேலே எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அடித்துத் திருத்தினால் கடிதம் அசிங்கமாகிவிடும், அதனால் அப்படியே விட்டிருக்கிறேன்.

ஞாயிறு சரியாகப் பத்து மணிக்கு அந்த மனிதர் வந்தார். ரொட்டிக் கடை வைத்திருக்கிறாராம். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன், வேலிச்செடி உட்பட. அவர் கைப்பிடியை முறுக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்ளோ சுத்தமா திரும்புற ஆக்ஸிலேட்டரை நான் பார்த்ததே இல்லம்மா. எந்த மெக்கானிக்?"

"நானும் ஒரு பல் டாக்டரும்."

பிடித்துப்போய்விட்டது. பக்கத்தில் பெட்டி கட்டி ரொட்டி ஏற்றப்போகிறாராம். புதன்கிழமை லாரி கொண்டுவந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார், நானும் வார்த்தை கொடுத்துவிட்டேன். ஆகவே தாங்கள் ஒப்படைத்த பொறுப்பு, ஒப்படைத்தபடி, குறித்த நேரத்தில் நிறைவேறியது. ஷெட்டைக் கழுவிவிட்டு அரிசி டப்பாக்களை அங்கே மாற்றலாம் என்றிருக்கிறேன்.

தங்கள் துணைவியாருக்கு என் அன்பு. தங்களுடைய பழைய முழங்காலையும் புதிய முழங்காலையும் ஆண்டவர் பாரபட்சமில்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்க்கத் தாமதமாகிவிட்டது. இன்று புதன். ரொட்டிக் கடைக்காரர் காலை ஒன்பதுக்கே லாரியும் இரண்டு பலகையுமாக வந்துவிட்டார். நான் ஷெட் வாசலில் நின்றேன். "என்னம்மா, ஞாயித்துக்கெழம சரின்னீங்களே?" என்றார். "சொன்னேன். இப்ப இல்லங்கறேன். இத்தனை வயசுல முதல் தடவையா வார்த்தை மாறுறேன், பழக்கமில்ல, கொஞ்சம் பொறுத்துக்குங்க," என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், என் தலையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார், பலகைகளைத் திரும்ப லாரியில் ஏற்றினார். வண்டி எனக்கு வேண்டும். அவர் சொன்ன விலையை நானே தருகிறேன். ஓட்டுநர் பயிற்சிக்கு நாளை மறுநாள் பெயர் கொடுக்கிறேன், என் மகளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். முதல் கியர் எனக்குத் தெரியும். இரண்டாவதுக்கு எப்படிப் போவது என்பதை மட்டும் மறுதபாலில் எழுதுங்கள்.