சுரங்கத்தில் போட்ட வளையல்கள்

"அந்த எட்டு வளையலையும் உருக்கிடலாம்னு இருக்கேன், கேட்டேளா" என்று சீதாலக்ஷ்மி சொன்னபோது அவள் கணவர் வெங்கடேஸ்வரன் வாயருகே கொண்டுபோன காப்பியைக் கீழே வைத்தார்.

மகள் அதிதிக்குத் தை மாதம் கல்யாணம். பழைய வளையல்களை அழித்துப் பச்சைக்கல் பதித்த பாலக்கா மாலை பண்ணிவிடுவது என்று தாயும் மகளும் கூடிப் பேசி முடித்திருந்தார்கள். நியாயமான முடிவுதான். வளையல் எட்டும் கவரிங் என்பது ஒன்றுதான் இடித்தது.

அசலை அவர் பதின்மூன்று வருஷத்துக்கு முன்பே விற்றுவிட்டார். வீடு இருக்கும் மட்டாஞ்சேரியில் விற்றால் மாலைக்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும் என்று படகேறி எறணாகுளம் பிராட்வே கடைத்தெருவுக்குப் போய் விற்றார். அதே மாதிரியில் கவரிங் வாங்கி வந்து லாக்கரில் வைத்தார். கிடைத்த பணம் முழுவதும் வெளிநாட்டுத் தங்கச் சுரங்கக் கம்பெனிகளின் பங்குகளை வாங்கும் ஒரு ஃபண்டுக்குப் போயிற்று. தங்கம் ஒரு மடங்கு ஏறினால் அதைத் தோண்டுகிறவன் மூன்று மடங்கு ஏறுவான் என்பது அவர் கண்டுபிடிப்பு. வரி மிச்சமாகுமே என்று ஃபண்டை மனைவி பெயரிலேயே போட்டார். கேஸ் கனெக்‌ஷன் பாரம் என்று சொல்லி அவள் கையெழுத்தையும் வாங்கினார். சாமர்த்தியசாலி.

நட்ட செடியைப் பிடுங்கிப் பிடுங்கி வேர் பார்க்கக்கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் ஃபண்டைத் தொடவே இல்லை. மாதம் பிறந்தால் பத்திரிகையில் விலை பார்த்து நோட்டில் எழுதுவதோடு சரி. அந்த எட்டு வளையல் இன்று இருந்தால் என்ன பெறும் என்பது சிவப்பு மையில். ஃபண்டு என்ன பெறும் என்பது நீல மையில்.

சிவப்பு ஏறிக்கொண்டே போயிற்று. நீலம் நொண்டியது. ஒரு சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது, இன்னொன்றில் வேலைநிறுத்தம், டீசல் விலை வேறு. தோண்டுகிறவனுக்கு ஆயிரம் செலவு. பெட்டியில் கிடக்கிற வளையலுக்கு ஒரு சாயா கூட வாங்கித் தர வேண்டாம். பதின்மூன்று வருஷத்தில் சிவப்பு நாலரை மடங்கு, நீலம் ஒன்றேமுக்கால். இன்று ஃபண்டை விற்றால் மூன்று வளையல் தேறும்.

"ராசியான வளையல், அழிக்க வேண்டாம். அப்படியே போட்டு அனுப்பலாம்" என்றார்.

சீதாலக்ஷ்மி உடனே ஒப்புக்கொண்டாள். அவர் மூச்சு விட்டார். ஆனால் அவள் முடிக்கவில்லை. சம்பந்தி விஸ்வேஸ்வரன் பேங்கில் முப்பது வருஷம் நகை மதிப்பீட்டாளராக இருந்தவராம். ஞாயிற்றுக்கிழமை வரும்போது அவரே கையில் எடுத்துப் பார்க்கட்டுமாம்.

 லாக்கர் சாவியைக் காணோம் என்று வெங்கடேஸ்வரன் சொல்லிப் பார்த்தார். நகையை நேற்றே எடுத்து வந்தாகிவிட்டது என்று சொல்லி, சீதாலக்ஷ்மி அரிசி டின்னுக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அப்போ ராசப்பன்கிட்ட கொடுத்து மெருகு போட்டுண்டு வரேன். நீ அலைய வேண்டாம்."

"பேஷா போயிட்டு வாங்கோ" என்றாள் அவள்.

பொட்டலத்தோடு நோட்டையும் எடுத்துக்கொண்டு கொச்சங்காடிக்கு நடந்தார். ராசப்பன் அங்கே சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி. சம்பந்தி கையில் எடுத்த கணமே மகள் கல்யாணம் நின்றுவிடும், முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள் தன் முகத்தில் விழிக்கமாட்டாள் என்று நினைக்க நினைக்க அவர் நடையை எட்டிப் போட்டார்.

பட்டறையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். படகு, பிராட்வே, கவரிங், சுரங்கம், ஒன்று விடவில்லை. நோட்டையும் விரித்துக் காட்டினார். இருபத்திரண்டு காரட் என்று ஒரு சீட்டு மட்டும் எழுதித் தந்தால், சம்பந்தி அதைப் பார்த்துவிட்டு வளையலைத் தொடாமல் இருந்தாலும் இருப்பார் என்று கெஞ்சினார்.

ராசப்பன் ஒரு வளையலை எடுத்து உரைகல்லில் உரசினார்.

"ஏன்டா உரசறே? கவரிங்னு நானே சொல்றேனே."

உரசிய கோட்டின்மேல் ராசப்பன் ஒரு சொட்டு அமிலம் விட்டார். கவரிங் என்றால் கரைந்து போயிருக்க வேண்டிய கோடு மறையவில்லை. மஞ்சளாகவே கிடந்தது. வெங்கடேஸ்வரன் அதையும் ராசப்பனையும் மாறி மாறிப் பார்த்தார். 

"இது தங்கம் தன்னே, சாமி" என்றார் ராசப்பன். "ஃபண்டு காகிதம் மாமி பேருக்கு வந்த மாசமே அவங்க ஃபண்டை வித்து, அந்தக் கவரிங்கைக் கொண்டுவந்து காட்டி, அதே மாதிரி எட்டு வளையல் என்கிட்ட செஞ்சு வாங்கிட்டாங்க. 'சாமி நோட்டு எழுதறது மட்டும் நிக்க வேண்டாம், அதை எழுதற வரைக்கும்தான் வேற ஒண்ணையும் விக்கமாட்டார்'னு அன்னிக்கே சொல்லிட்டாங்க."