பிரேக் அண்ணையின் வலது கால்

ஆக்லாந்தில் தமிழ் பேசுகிறவர்களில் பாதிப் பேர் இன்று உயிரோடு நடமாடுவதற்கு ஒரே காரணம் பிரேக் அண்ணையின் வலது கால். மீதிப் பாதிப் பேர் பஸ்ஸில் போகிறவர்கள்.

மவுண்ட் ரோஸ்கில்லில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது, எதிர்வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டில் அவர் தனியாகக் குடியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பது தொழில். கற்றுக்கொள்பவர் வலது பக்கம் உட்கார்ந்து ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுவார். இவர் இடது பக்கம் சாவகாசமாக உட்கார்ந்திருப்பார். அங்கே அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஆபத்து வந்தால் ஒரே மிதி. அவருடைய அசல் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. கேட்டவரிடம், "பேர் எதுக்குத் தம்பி? பிரேக் எண்டு சொன்னாப் போலீஸ்காரனே வழி காட்டுவான்" என்றாராம்.

அவருடைய வலது ஷூ எப்போதும் தேய்ந்து ஓட்டை விழும் நிலையில் இருக்கும். இடது ஷூ கடையில் வாங்கியபடியே பளபளக்கும். ஷூக்கடையில் போய், "வலது மட்டும் தருவீங்களோ?" என்று அவர் கேட்டதை என் கணவர் நேரில் பார்த்திருக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், காரை விட்டு இறங்கிய பிறகும் அந்தக் கால் வேலையை விடவில்லை. சினிமாவுக்குப் போனால், கதாநாயகன் பைக்கில் வளைவு திரும்பும்போதெல்லாம் இவர் மிதிப்பார். முன்சீட்டுக்காரர் பாப்கார்னோடு குலுங்குவார். ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துக் குனிந்த அந்த விநாடி, முன்வரிசையிலிருந்து 'டம்' என்று ஒரு சத்தம். மேளக்காரரே ஒரு அடி தவறவிட்டார். யாராவது முறைத்தால் மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டார். தன் முழங்காலைச் சுட்டிக்காட்டி, "நான் இல்லை, கால்" என்பார். ஏதோ பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிப் புகார் சொல்வது மாதிரி இருக்கும்.

இன்னொன்று. எங்கே போனாலும் யாருக்காவது இடது பக்கத்தில்தான் உட்காருவார். வலது பக்கம் உட்கார வைத்தால் தலை சுற்றுகிறது என்று எழுந்துவிடுவார். கோயில் அன்னதானத்தில் இவர் உட்கார்ந்த பிறகுதான் பந்தி ஒழுங்காகும். அதுவரை ஒவ்வொருவராக எழுந்து இடம் மாறிக்கொண்டிருப்போம்.

திருச்சியில் ஸ்கூட்டி ஓட்டிய தைரியத்தில் நானும் அவரிடம் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். கண்ணாடியைப் பாருங்கோ என்றார். பார்த்தேன். "உங்கட பொட்டு வடிவாத்தான் இருக்குத் தங்கச்சி. பின்னுக்கு ஒரு லொறி வருகுது, அதையும் ஒருக்காப் பாருங்கோ" என்றார். முதல் ரவுண்டபவுட்டில் வலது பக்கமிருந்து வந்த எல்லோருக்கும் வழிவிட்டுக்கொண்டே நின்றேன். வந்துகொண்டே இருந்தார்கள். அவர் பொறுமையாக ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அவை எல்லாரும் வீட்டை போய்ச் சேந்து சாப்பிட்டும் முடிச்சிட்டினம். இனி நாங்களும் போவமே?" என்றார்.

அப்படிப்பட்டவரிடம்தான் என் மகள் அனுவும் ஓட்டக் கற்றாள். ஒரே மகள். அவள் மோட்டார்வேயில் தனியாகப் போன முதல் நாள், நான் ஆபீசில் ஒரு வேலையும் பார்க்கவில்லை. நான் அந்த ரகம். மகள் தும்மினால் எனக்கு ஜுரம் வரும்.

அனு கடல் உயிரியல் படித்து முடித்தாள். முடித்த கையோடு, "நம்ம மூணு பேரும் பிரேக் அங்கிளும் டின்னருக்குப் போறோம். என் ட்ரீட்" என்றாள். எங்கே என்றால், ஊருக்குள்ளே புதிதாக ஒரு கொலம்பியா மீன் சாப்பாட்டுக் கடை. ஏன் கொலம்பியா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. போன மாதம் எத்தியோப்பியா சாப்பிட்டோம், இந்த மாதம் கொலம்பியா என்று நினைத்துக்கொண்டேன்.

கடையில் நுழைந்ததும் வழக்கமான இடப் பிரச்சினை. பிரேக் அண்ணை நாற்காலிகளைப் பார்த்தபடி நின்றார். அனு சட்டென்று, "அங்கிள், நீங்க அம்மாவுக்கு லெஃப்ட்ல" என்று உட்கார வைத்தாள். பெரியவர்களை எவ்வளவு கவனிக்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பரிமாறிய அம்மாள் என் வயதுதான் இருப்பார். காதில் பெரிய வளையம், குரல் அதைவிடப் பெரியது. என் கணவரின் தோளில் தட்டி, "என்ன வேணும், மி அமோர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "மி அமோர்னா?" என்றேன். "என் அன்பேன்னு அர்த்தம்மா. அங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றாள் அனு. மேஜைக்குக் கீழே 'டம்' என்று சத்தம். என் கணவர் மட்டும் அன்று முழுக்க ஒரு சுற்று இளமையாகத் தெரிந்தார்.

முதலில் மண்சட்டியில் கொதித்தபடி ஒன்று வந்தது. தேங்காய்ப்பாலில் நண்டு, இறால், கணவாய், மீன் எல்லாம். பிரேக் அண்ணை ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணை மூடினார்.

"தங்கச்சி, இது எங்கட கூழ்!"

எங்கள் ஊரில் கூழ் என்றால் கேழ்வரகு. அவர் ஊரில் கூழ் என்றால் கடலில் கிடைக்கிற எல்லாவற்றையும் பனங்கிழங்கு மாவோடு ஒரே பானையில் கொதிக்க வைப்பது. "ஒடியல் மா போடேல்லை, உறைப்பும் காணாது. மற்றபடி கூழ்தான். ஆரோ எங்கட ஆள் கப்பல் ஏறிப் போயிருக்கிறான்" என்றார்.

அடுத்து முழு ஸ்னாப்பர், மொறுமொறுவென்று பொரித்து, தலையோடும் வாலோடும் வந்தது. "இந்த நாட்டுல மீனுக்குத் தலை உண்டுன்னு இன்னைக்குத்தான் ஒத்துக்கிட்டாங்க" என்று என் கணவர் உணர்ச்சிவசப்பட்டார். கூடவே தேங்காய்ச் சாதம், பொரித்த மரவள்ளிக்கிழங்கு, வாழைக்காயைத் தட்டித் தட்டி இரண்டு தடவை பொரித்தது. அனு ஒவ்வொன்றாக என் தட்டில் வைத்தாள்.

"மரவள்ளி எப்படிம்மா இருக்கு?"

"நம்ம வீட்டுது மாதிரிதான்."

"தேங்காய் சாதம்?"

"கொஞ்சம் இனிப்பு. பரவால்ல."

அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "அம்மா, எனக்கு வேலை கிடைச்சிருச்சு."

"அடி என் தங்கமே! எங்க, வெலிங்டன்லயா?"

"கொலம்பியா."

நான் தட்டைப் பார்த்தேன். "கொலம்பியா சரி, வேலை எங்க?"

"அங்கதாம்மா. கடலாமை ப்ராஜெக்ட். முட்டையிட வர்ற ஆமைகளைக் கவனிக்கணும். ரெண்டு வருஷம்."

ஆமையைக் கவனிக்க அந்த ஊரில் ஆளில்லையா என்று கேட்டேன். உனக்கு மீன்தொட்டியே கழுவத் தெரியாதே என்றேன். டிவியில் பார்த்த கொலம்பியா முழுவதும் என் கண்முன்னால் துப்பாக்கியோடு ஓடியது. அனு அமைதியாகவே பதில் சொன்னாள். அவள் அமைதி என் கோபத்தை இன்னும் ஏற்றியது. என் கணவர் நண்டுக் காலுக்குள் தலைமறைவாகிவிட்டார்.

"சரி, போ. நல்லாப் போ. ஆனா போனதுக்கப்புறம் எனக்கு மகளே..."

அந்த வாக்கியம் 'கிடையாது' என்று முடியும். எனக்கு அது நன்றாகத் தெரியும். எங்கள் குடும்பத்தில் அது ஏற்கனவே ஒரு தடவை முழுதாகச் சொல்லப்பட்டது. என் பெரியப்பா தன் மகளிடம் சொன்னார், சாப்பாட்டு மேஜையில்தான். பிற்பாடு அவரே எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தார். அந்த அக்கா வரவேயில்லை.

நான் சொல்லி முடிக்கவில்லை. என் இடது கால் கட்டைவிரல் மேல் ஒரு லாரி ஏறியது.

"ஐயோ!"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வளையம் போட்ட அம்மாள் ஓடிவந்து, "என்ன ஆச்சு, மி அமோர்?" என்றார். பிரேக் அண்ணை என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. மிகுந்த கவனத்தோடு ஸ்னாப்பரின் கன்னத்திலிருந்து சதையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது!"

"நான் இல்லைத் தங்கச்சி. கால்."

வலி கொஞ்சம் தணிந்ததும் மறுபடி ஆரம்பித்தேன். "நான் என்ன சொல்ல வந்தேன்னா, நீ போனா எனக்கு..." மறுபடி மிதி. இந்தத் தடவை நான் காலை உள்ளே இழுத்துவிட்டதால் அடி மேஜைக் காலில் விழுந்தது. மண்சட்டி ஒரு முறை எம்பி உட்கார்ந்தது. ஒரு இறால் என் கணவரின் சட்டைப் பைக்குள் போனது. அவர் அதை எடுத்துச் சாப்பிட்டார்.

மூன்றாவது தடவை வாயைத் திறந்தேன். பக்கத்தில் ஒரு முழங்கால் மெல்ல உயர்வது தெரிந்தது. மூடிக்கொண்டேன்.

"மீன் ஆறுது, சாப்பிடுங்கோ" என்றார் பிரேக் அண்ணை.

நான் மீனிலிருந்து முள் எடுக்க ஆரம்பித்தேன். கட்டைவிரல் விண்விண் என்றது. இவ்வளவு நேரத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "அங்க சாப்பாட்டுக்கு என்னடி பண்ணுவே?"

அனு என் தட்டைக் காட்டினாள். "இதேதாம்மா. தினமும். அதுக்குத்தான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

தேங்காய்ச் சாதம் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன். அழுகைக்கு நடுவில் சாப்பிட்டதால் அந்தத் தடவை உப்பு சரியாக இருந்தது.

விமான நிலையத்தில் வழியனுப்பும்போதுதான் அனு சொன்னாள். டின்னருக்குக் கிளம்புவதற்கு முன்பே அவர் வீட்டுக்குப் போய் பிரேக் அண்ணையிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். 'அம்மா ரொம்ப வேகமாப் போயிருவாங்க அங்கிள், நீங்க லெஃப்ட்ல உட்காருங்க' என்று கேட்டுக்கொண்டாளாம். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "கொம்மா செருப்போ, ஷூவோ போட்டுக்கொண்டு வருவா?"

அனு போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவாள். அங்கே அப்போது இன்னும் சனிக்கிழமை. வெயிலில் கறுத்துப்போய், பின்னால் அலைச் சத்தத்தோடு சிரிப்பாள். எப்போது வருவாய், இன்னும் எதற்கு அங்கே என்று நாக்கு நுனிவரை வரும். என் வலது கால் தானாகவே தரையை அழுத்தும். பிறகு, "ஆமை எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்பேன்.

நாங்கள் இப்போது ஆக்லாந்தின் தெற்கே தகனினியில் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டோம். பிரேக் அண்ணை அதே சின்ன வீட்டில்தான் இருக்கிறார். கண் பார்வை மங்குகிறது என்று டாக்டர் சொன்ன அன்றே காரை விற்றுவிட்டார். சனிக்கிழமைகளில் நான் போய் அவரை மீன் கடைக்கு அழைத்துப் போகிறேன். என் காருக்குள் ஏறி இடது பக்கம் உட்காருவார். அங்கே வெறும் தரைவிரிப்புதான், பிரேக் கிடையாது. ஆனாலும் அவர் கால் அசைந்தால் நான் என்னுடையதை மிதிக்கிறேன், எதிரே ஒன்றுமே இல்லாவிட்டாலும்.