அப்போ நான் வரேன்

"அப்பா, நீங்க நிஜமாவே மலையைச் சுத்தப் போறீங்களா?"

மருந்துக்கடைக்காரர் அப்போது ஒரு கையில் இருமல் மருந்துப் புட்டியும் மறு கையில் போனுமாக நின்றிருந்தார். மகளின் குரலில் பெருமையும் பயமும் சரிபாதியாகக் கலந்திருந்தன.

"எந்த மலையைம்மா?"

"நம்ம ஊர் மலைதான். பத்தொன்பது கிலோமீட்டர் சுத்துப் பாதை. வர ஞாயித்துக்கிழமை நீங்களும் எங்க மாமாவும் போறீங்களாமே! 'உங்கப்பா வரேன்னு சொல்லிட்டாரும்மா'ன்னு மாமா போனை வெச்ச கையோட வந்து சொன்னாரு. முகமே ஒரு மாதிரி ஆயிடுச்சுப்பா அவருக்கு. அவ்வளவு சந்தோஷம்!"

விஷயம் புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. பத்து நிமிடம் முன்பு சம்பந்தியோடு பேசியது உண்மை. "ஒரு ஞாயித்துக்கிழமை அந்த மலைச்சுத்துப் பாதையில நடக்கணும் சம்பந்தி, நீங்களும் வாங்களேன்" என்று சம்பந்தி பேச்சோடு பேச்சாகச் சொன்னதும் உண்மை. அந்த நேரம் பார்த்து ஒருவர் மருந்துச் சீட்டை மூக்குக்கு நேரே நீட்ட, "சரி, அப்போ நான் வரேன் சம்பந்தி" என்று இவர் போனை வைத்ததும் உண்மை.

போகிறவன் 'போறேன்' என்று சொல்லக் கூடாது என்று எந்தப் புண்ணியவானோ சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து நாம் வரும்போதும் வரேன் என்கிறோம், போகும்போதும் வரேன் என்கிறோம். போனை வைத்த குற்றத்துக்காகப் பத்தொன்பது கிலோமீட்டர் நடக்கும் தண்டனை வேறு எந்த மொழிக்காரனுக்கும் கிடைத்திருக்காது.

"அம்மாடி, நான் சொன்னது அந்த வரேன் இல்ல..."

"இப்போ போய் மாத்திப் பேசாதீங்கப்பா. கல்யாணப் பேச்சு நடந்தப்போ 'தினமும் ஆறு கிலோமீட்டர் நடப்பேன்'னு இவங்ககிட்ட சொன்னது யாரு? எனக்குக் கல்யாணமாகி மூணு மாசந்தான் ஆகுது. எங்கப்பா சொன்னா சொன்னதுதான்னு நேத்துதான் எங்க மாமியார்கிட்ட பீத்திக்கிட்டேன். என் மானம் உங்க கால்ல இருக்கு."

அந்தக் கால்களை அவர் குனிந்து பார்த்தார். முப்பது வருடமாக அவை நடந்தது கல்லாப்பெட்டியிலிருந்து மருந்து அலமாரி வரைதான். மேல் தட்டு மருந்தென்றால் அதுவும் கிடையாது. 'ஸ்டாக் இல்லை' என்று சொல்லிவிடுவார்.

வீட்டில் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீங்களா? மாடியில காயற துணியை எடுத்துட்டு வாங்கன்னா, காத்தடிச்சா அதுவா கீழ வந்துடும்னு உக்காந்திருக்கற ஆளு!"

"சிரிக்காதே. சம்பந்திகிட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

"பொண்ணைக் கொடுத்த இடம்டி. நேரா சொன்னா நல்லாவா இருக்கும்? பக்குவமா சொல்லணும்."

பக்குவமாகச் சொல்ல மறுநாள் காலை போனை எடுத்தார்.

சம்பந்தி டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "தைரியமா போங்க, நான் இருக்கேன்ல" என்று ஊரில் பாதிப் பேரை வண்டியோட்ட வைத்தவர். ஒட்டடைக் கம்பு மாதிரி உடம்பு. பார்த்தாலே, மலையை மூன்று தடவை சுற்றிவிட்டு வந்து மூச்சு வாங்காமல் காபி கேட்கிற ஆள் என்று தோன்றும்.

"சம்பந்தி, முட்டியில கொஞ்சம் வலி..."

"ஐயையோ!" என்றார் சம்பந்தி, சொல்லி முடிப்பதற்குள். "அப்போ விட்டுடலாம் சம்பந்தி. நம்ம வயசுக்கு முட்டி ரொம்ப முக்கியம். உங்களால முடியாதுன்னா நான் தப்பாவே நினைக்க மாட்டேன். இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

மருந்துக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. முடியாதாமே! அதை எல்லாரிடமும் தண்டோரா வேறு போடுவாராமே! இவருக்கு அவர் இரண்டு மாதம் மூத்தவர்.

"எனக்கா வலி? என் முட்டியைச் சொல்லலை சம்பந்தி! கடைக்கு வந்த ஒருத்தரோட முட்டியைச் சொல்ல வந்தேன். எனக்கு இரும்பு முட்டி!"

"அப்படியா?" என்றார் சம்பந்தி. குரல் இறங்கிப் போயிருந்தது. கிண்டல்தான், வேறென்ன?

சாயங்காலம் அந்த வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே புத்தம் புதிதாக முட்டிக்குப் போடும் உறை, ஒரு ஜோடி. சம்பந்தியம்மா கொடுத்தனுப்பியதாம்.

"பாத்தியா? புருஷன் வாயால குத்தறாரு, பொண்டாட்டி பார்சல்ல குத்தறாங்க" என்று இவர் குமுறினார்.

"அளவு சரியா இருக்கா, போட்டுப் பாருங்க" என்றாள் மனைவி.

அடுத்த நாள் கடையைக் காரணம் காட்டலாம் என்று முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல்காரர்கள் அலைமோதுவார்கள், ஊருக்கு உழைப்பதா, ஊர் சுற்றுவதா என்று உருக்கமாக நாலு வரி தயாரித்துக்கொண்டு கடைக்குப் போனால், வாசலில் மனைவியின் கையெழுத்தில் பலகை தொங்கியது.

'ஞாயிறு கடை விடுமுறை. உரிமையாளர் மலையேறுகிறார்.'

தெரு முழுக்கப் படித்தாகிவிட்டது. சர்க்கரை மாத்திரை வாங்க வந்த ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் பலகையை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மூன்றாவது முறையும் படித்தார்.

"விளக்குதான் மலையேறும். நல்ல காலம் மலையேறும். கடைக்காரர் மலையேறி இப்பதான் பாக்கறேன். உயில் எழுதியாச்சா?"

"சும்மா நடக்கத்தான் சார் போறேன்."

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றபடி அவர் வழக்கமான பத்து மாத்திரைக்குப் பதில் முப்பது மாத்திரை வாங்கிக்கொண்டு போனார். எதற்கும் இருக்கட்டும் என்று.

இனி இவராகப் பின்வாங்க முடியாது. அப்படியானால் சம்பந்தியைப் பின்வாங்க வைக்க வேண்டும். இந்த யோசனை தோன்றியபோது தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார். கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போன் செய்தார்.

"சம்பந்தி, பத்தொன்பது கிலோமீட்டர்லாம் குழந்தைங்க நடக்கறது. நமக்கு அது எந்த மூலைக்கு? பின்பக்கமா ஒரு பெரிய சுத்து இருக்காம். முப்பத்தோரு கிலோமீட்டர். உங்களால முடியாதுன்னா சொல்லிடுங்க. நான் தப்பாவே நினைக்க மாட்டேன்."

மறுமுனையில் யாரோ தண்ணீர் குடிக்கும் ஓசை. அதற்கும் பின்னால் ஒரு பெண் குரல் ஏதோ அதட்டியது.

"யாரால முடியாது?" என்றார் சம்பந்தி கடைசியில். "பெரிய சுத்தே போவோம். காலையில ஆறு மணிக்கு நுழைவாயில்ல நிப்பேன்."

போனை வைத்தபோது மருந்துக்கடைக்காரருக்கு வியர்த்திருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையில், இவர் பூதத்துக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் கூடப் போட்டுக் கொடுத்திருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம், மனைவி கோயிலுக்கோ கடைக்கோ எங்கேயோ போயிருந்த நேரம், மலைப்பாதை டிக்கெட் கவுண்டரின் நம்பரைத் தேடிப் பிடித்தார்.

"சார், நாளைக்கு ரெண்டு பேர் வருவோம். பாதை மூடியிருக்குன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மரம் விழுந்துடுச்சு, மண் சரிஞ்சுடுச்சு, எது உங்களுக்கு வசதியோ அது."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்றது ஒரு சலித்த குரல்.

"ஒரு குடும்பத்தோட மானம் சார். நான் மருந்துக்கடைக்காரன். முதுகுவலித் தைலம் வருஷம் பூரா ஓசியில தரேன்."

"நாள் பூரா உக்காந்தே இருக்கற வேலை சார் இது. வலி உயிர் போகுது. சரி, பாக்கலாம்."

அன்று மருந்துக்கடைக்காரர் குறட்டை விட்டுத் தூங்கினார்.

ஞாயிறு காலை மனைவி ஆறு சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, வாசல் வரை வந்து, வழக்கமில்லாத வழக்கமாகக் கையசைத்தாள். பை நிறையத் தைலம், பஞ்சு, கட்டுத்துணி என்று பாதிக் கடையைச் சுமந்துகொண்டு இவர் நுழைவாயிலுக்குப் போனார். சம்பந்தி முன்னமே வந்திருந்தார். காலில் புது ஷூ, விலைச்சீட்டுகூட அறுபடவில்லை. பழைய ஷூவையெல்லாம் நடந்தே தேய்த்துவிட்டார் போலும் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

"கிளம்பலாமா சம்பந்தி?" என்றார் இவர் வீரமாக.

"நான் எப்பவோ ரெடி" என்றார் அவர் இன்னும் வீரமாக.

இருவரும் கவுண்டருக்கு நடந்தார்கள். முப்பது அடிதான். அதற்குள் இருவருக்கும் மூச்சிரைத்தது. கூண்டுக்குள் இருந்தவர் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாதை திறந்திருக்கா சார்?" என்று கேட்டு மருந்துக்கடைக்காரர் ஒரு கண்ணைச் சிமிட்டினார். "இந்த மரம், மண்ணு, அந்த மாதிரி எதாவது..."

"எதுவா இருந்தாலும் தயங்காம சொல்லுங்க" என்றார் சம்பந்தி, கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "நாங்க தாங்கிப்போம்."

கவுண்டர்காரர் மேஜை இழுப்பறையைத் திறந்து இரண்டு டிக்கெட்டுகளை எடுத்து வெளியே தள்ளினார்.

"மூடச் சொல்லி நேத்து நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா போன்ல கெஞ்சினீங்க, நானும் மூடறதாத்தான் சார் இருந்தேன், ஆனா சாயங்காலமா உங்க ரெண்டு வீட்டம்மாவும் ஒண்ணா நேர்ல வந்து, பெரிய சுத்துக்கே டிக்கெட் எடுத்து, 'இருட்டறதுக்கு முன்னாடி இவங்களை மட்டும் வெளிய விட்டுடாதீங்கண்ணா, வாரா வாரம் இதே ரெண்டு டிக்கெட்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க!"