மாப்பிள்ளை வந்தால் அணையும் கணினி

"அங்கிள், நான் இஞ்ச செய்யிற வேலை என்னெண்டால்..." என்று கனடாவிலிருந்த மாப்பிள்ளை தொடங்கினான். அந்த நொடியில் திரை கறுத்துப்போனது.

தவராசா கதிரையின் நுனிக்கு வந்தார். மாப்பிள்ளை இருந்த இடத்தில் இப்போது அவருடைய முகமே மங்கலாகத் தெரிந்தது.

"தம்பி ஸுஹைர்! இஞ்ச ஒருக்கா ஓடி வாரும்!"

திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஸுஹைர் வைத்திருந்த கொம்யூனிகேஷன் கடையில் மூன்று கணினிகள் இருந்தன. கமெரா பொருத்தியது ஒன்றில்தான். அதைச் சுற்றிப் பலகை அடித்து ஒரு சின்ன அறையாக்கியிருந்தான். அதற்குள் தவராசா, அவர் மனைவி புஸ்பராணி, மகள் நிரோஜினி மூவரும் தோளோடு தோள் இடிபட உட்கார்ந்திருந்தார்கள்.

ஸுஹைர் எட்டிப் பார்த்தான். "பயப்பட ஒண்டுமில்லை அண்ணை. அப்டேட் இறங்குது. இறங்கி முடிஞ்சா அது தானா நிண்டு, தானா எழும்பும்."

"தானா?"

"ஓம், தானா."

தவராசா மனைவியைப் பார்த்தார். "வேலை என்னெண்டு சொல்லத் தொடங்கேக்கதான் அது தானா நிண்டது. கவனிச்சனியா?"

தவராசா துறைமுகத்தில் ஒரு பண்டகசாலையின் ஸ்டோர் கீப்பர். சீமெந்து மூடைகள் வந்தால் எண்ணுவார். பிறகு, எண்ணிய ஆட்களையும் எண்ணுவார். 'தானாக' என்று ஒன்று நடக்கும் என்பதை அவர் நம்பியதில்லை. மூடை தானாகக் கிழியாது, பூட்டுத் தானாகத் திறக்காது. சண்டை மறுபடி தொடங்கியிருந்த அந்த வருடம் அவரை யாரும் குறை சொல்லவும் ஏலாது. சம்பூர்ப் பக்கம் ஷெல் விழுந்தால் லிங்கநகரில் அவர் வீட்டு யன்னல் கண்ணாடி நடுங்கும். வேலைக்குப் போன பிள்ளை வீடு வந்து படலையைத் திறக்கும்வரை பெற்றவர்களுக்குத் தொண்டையில் சோறு இறங்காது. நிரோஜினியைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டால் போதும் என்று அவர் கோணேசர் கோயிலில் நேர்த்தி வைத்திருந்தார். கனடா மாப்பிள்ளை கிருபாகரனின் சம்பந்தம் அப்படித்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு பின்னேரம் மறுபடி போனார்கள். ரொறன்ரோவில் அப்போது காலை. கிருபாகரன் தலை சீவி, புதுச் சேட்டுப் போட்டுத் திரையில் தோன்றினான். அவன் பின்னால் தாய் கமலாதேவி வந்து நின்றார்.

"தம்பி, கோப்பி ஆறப்போகுது..."

"அம்மா, உனக்கு விளங்காதே? வாயை மூடிக்கொண்டு அங்கால போ!" என்று சீறிவிட்டு, கிருபாகரன் இந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான். "சொல்லுங்கோ அங்கிள்."

தவராசா மனைவியின் காதில் சொன்னார். "கண்டிப்பான பெடியன். குடும்பத்தைக் கட்டி ஆளுவான்."

புஸ்பராணி, திரையை விட்டு விலகிப்போகும் கமலாதேவியையே பார்த்தாள். நிரோஜினி தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப தம்பி, அந்த வேலை..."

திரை கறுத்தது.

இந்த முறை தவராசா ஸுஹைரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "உண்மையைச் சொல்லும். ஆர் இதை நிப்பாட்டுறது?"

"அல்லாஹ்வே, ஒருத்தருமில்லை அண்ணை! ஒரு வருசமா லைன் சரியில்லாம அப்டேட் ஒண்டும் இறங்கேல்லை. இப்ப லைன் கொஞ்சம் நல்லாயிரிக்கு. கிடந்ததெல்லாம் ஒண்டொண்டா இறங்குது. ஒவ்வொண்டுக்கும் ஒருக்கா நிண்டு எழும்பும்."

"அதை இறங்க வேண்டாமெண்டு மறிக்கேலாதா?"

"போன முறை மறிச்சு, வைரஸ் வந்து எல்லாத்தையும் திண்டுட்டுப் போயிட்டுது. ஆனா நிக்க முதல் சின்னப் பெட்டி ஒண்டு வந்து கேக்கும். இடப்பக்கம் அமத்தினா இப்பவே நிக்கும். வலப்பக்கம் அமத்தினா பிறகு நிக்கும். ஒண்டையும் அமத்தாம விட்டா, கொஞ்ச நேரம் பாத்திட்டு அதுவே நிண்டிரும்."

தவராசாவின் கண்கள் மெல்லத் திரும்பி மகளிடம் வந்து நின்றன. மௌஸ் அவளுடைய கைக்குப் பக்கத்தில் கிடந்தது.

"நான் தொடேல்லை அப்பா."

"பெட்டியில இருந்த இங்கிலீசு உனக்கு விளங்கியிருக்கும்."

"விளங்கும். ஆனால் நான் தொடேல்லை."

"விளங்கும் எண்டுறாய். அதுதான் எனக்குச் சந்தேகம்."

அதற்கடுத்த ஞாயிறு அவர் கதிரைகளை மாற்றிப் போட்டார். நிரோஜினியைச் சுவரோரம் தள்ளினார். நடுவில் தான் உட்கார்ந்தார். மௌஸை இழுத்து மனைவியின் பக்கம் வைத்தார். வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டவும் மகளைக் கூப்பிடுகிறவள் புஸ்பராணி. அவளை விட நம்பிக்கையான காவல் திருகோணமலையில் இல்லை.

"இதை நீ பிடிச்சுக்கொண்டு இரு. ஒருத்தரையும் தொட விடாதை. பெட்டி வந்தால் வலப்பக்கத்தை அமத்து."

"எனக்கு இதெல்லாம் தெரியாதப்பா," என்றாள் அவள்.

ஸுஹைர் பொறுமையாகக் காட்டிக்கொடுத்தான். "லேசு அக்கா. வலப்பக்கம் பிறகு, இடப்பக்கம் இப்ப. அவ்வளவுதான்."

புஸ்பராணி தலையாட்டினாள். பிறகு கணவனைப் பார்த்து, "உந்தக் கண்ணாடியைக் கழட்டுங்கோ. வெளிச்சம் பட்டு மினுங்குது. கமெராவில உங்கட முகம் கடுமையாத் தெரியும்," என்றாள்.

அது சரியென்று பட்டது. கழற்றிச் சேட்டுப் பைக்குள் வைத்தார்.

கிருபாகரன் வந்தான். தாயும் வந்தார். கமலாதேவி திரைக்குக் கிட்டவாக முகத்தைக் கொண்டுவந்து உற்றுப் பார்த்தார்.

"பிள்ளையின்ட மற்றக் கை எங்க?"

தவராசா திடுக்கிட்டார். சுவரோரம் இருந்ததால் நிரோஜினியின் ஒரு பாதிதான் கமெராவுக்குள் விழுந்திருந்தது.

"இருக்கு, இருக்கு! ரெண்டு கையும் இருக்கு! பிள்ளை, கையைத் தூக்கிக் காட்டு!"

நிரோஜினி கையைத் தூக்கினாள். கை மட்டும் தனியாகத் திரையில் வந்து போனது. கமலாதேவியின் முகம் இன்னும் இறுகியது.

"ஒருக்கா எழும்பி நடக்கச் சொல்லுங்கோ பாப்பம்."

நிரோஜினி எழுந்தாள். ஒரு அடி எடுத்து வைக்குமுன் திரை கறுத்தது.

"புஸ்பம்! பெட்டி வரேல்லையே?"

"வந்த மாதிரித்தான் இருந்தது. அமத்தினனான்."

"வலப்பக்கமோ?"

"எனக்கென்ன தெரியும், நீங்கள் சொன்னபடிதான்."

அதற்குள் கடைத் தொலைபேசி அடித்தது. ரொறன்ரோவிலிருந்து கமலாதேவி. "பிள்ளை நடக்கத் தொடங்க நிப்பாட்டிப்போட்டியள். காலில ஏதும் குறையெண்டால் நேரா எங்களுக்குச் சொல்லலாம்தானே?"

தவராசாவுக்கு வியர்த்துவிட்டது. இவர் அவர்களைச் சந்தேகப்பட்டது போக, இப்போது அவர்கள் இவரைச் சந்தேகப்பட்டார்கள்.

மறுநாள் பண்டகசாலையில் தன்னோடு வேலை செய்யும் ஸஹாப்தீனிடம் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னார். ஸஹாப்தீன் கதவைச் சாத்திவிட்டு வந்து இன்னும் தாழ்ந்த குரலில் பதில் சொன்னார்.

"கொம்பியூட்டரைச் சும்மா விடுங்க. வெளிநாட்டுக்குப் போற கதையெல்லாம் ஆமிக்காரங்க ஒட்டுக் கேக்குறாங்களாம். கனடா எண்டாலே அவங்களுக்குக் காது நீளுமாம். அவங்கதான் வெட்டுறாங்க."

தவராசாவுக்கு எல்லாம் வெளித்தது. இவ்வளவு நாளும் அப்பாவிப் பிள்ளையைச் சந்தேகப்பட்டுவிட்டாரே! வெட்டுகிறவனுக்கு விளங்காமல் கதைத்தால் வெட்டமாட்டான். தனக்குத் தெரிந்த பண்டகசாலைப் பாஷையில் கதைப்பது என்று முடிவெடுத்தார். அதைக் கனடாக்காரருக்கு முன்கூட்டிச் சொல்லத்தான் வழியில்லை.

அந்த ஞாயிறு கிருபாகரன் தோன்றியதும் தவராசா தொண்டையைச் செருமினார்.

"தம்பி, சரக்கில ஒரு குறையும் இல்லை."

"என்ன அங்கிள்?"

"சரக்கு. இஞ்சால பக்கத்துச் சரக்கு. நாங்கள் எல்லாப் பக்கமும் பாத்திட்டம். நல்ல நிலையில இருக்கு."

"என்ன சரக்கு அங்கிள்?"

"விளங்குதுதானே! எப்ப கப்பலில ஏத்தலாமெண்டு சொல்லுங்கோ. அங்க இறக்குறது ஆர், உங்கட ஆக்கள்தானே? வெடி, கிடி எல்லாம் எங்கட செலவு."

வெடி என்றது கலியாண வெடியை. ஆனால் பலகைக்கு வெளியே, பொலிஸ் சார்ஜன் ஒருவர் அடையாள அட்டையின் பிரதி எடுக்க வந்து நின்றார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். தெரிந்த கொஞ்சத்தில் 'சரக்கு', 'கப்பல்', 'வெடி' மூன்றும் இருந்தன.

பலகைக் கதவு திறந்தது.

"என்னா சரக்கு?"

சார்ஜன் கேட்டு வாய் மூடுவதற்குள் திரை கறுத்துப்போனது. சார்ஜன் அணைந்த திரையைப் பார்த்தார். தவராசாவைப் பார்த்தார்.

"நா வந்த உடன நிப்பாட்டினது?"

"ஐயோ சேர், அது தானா நிக்கிறது! தானா!"

தன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்டுத் தவராசாவே அதிர்ந்து போனார்.

பொலிஸ் நிலையத்தில் 'சரக்கு' என்றால் தன் சொந்த மகள் என்பதை விளங்கப்படுத்துவது இலேசாக இருக்கவில்லை. எந்த அப்பன் மகளைக் கப்பலில் ஏற்றுவான் என்று சார்ஜன் கேட்டார். நியாயமான கேள்விதான். கடைசியில் புஸ்பராணி கைப்பையிலிருந்து மகளின் சாதகக் குறிப்பையும் புகைப்படத்தையும் எடுத்து மேசையில் வைத்தாள். சார்ஜன் சாதகத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கனநேரம் பார்த்தார். பிறகு, எங்கே போகிறவளாக இருந்தாலும் பிளேனில் அனுப்பும்படி சொல்லி அவர்களை விட்டார்.

ஸுஹைரின் கடைக்குத் திரும்பியபோது கிருபாகரன் தொலைபேசியில் வந்தான்; சரக்கு எதுவென்று அவனுக்கு அதற்குள் விளங்கியிருந்தது. அவன் கத்தியது தெருவரை கேட்டது.

"சொந்தப் பிள்ளையைச் சரக்கெண்டு விக்கப் பாக்கிறியள்! கால் விளங்காத பிள்ளையை என்ட தலையில கட்டப் பாக்கிறியள்! எங்களுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்!"

பின்னால் கமலாதேவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ பொத்து வாயை!" என்று அவன் தாயின்மேல் பாய்ந்தது தவராசாவுக்கும் கேட்டது. ஆனால் அப்போது அவருக்கு அது உறைக்கவில்லை. வேலை என்னவென்று கடைசிவரை தெரியாமலே போய்விட்டதே என்பதுதான் மனதில் ஓடியது.

வீட்டுக்கு வந்து சாய்மனைக் கதிரையில் விழுந்தார். குசினியிலிருந்து கணவாய்க் கறி வாசம் வந்தது. எட்டிப் பார்த்தால், நிரோஜினி தன் தட்டில் இரண்டாம் முறையாகப் புட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தம் குழம்பின வீட்டில கணவாய்க் கறியோ?" என்றார் மனைவியைச் சந்தேகமாகப் பார்த்து.

"இண்டைக்குத்தானே நேவிக்காரர் மீன்பிடிக்கக் கடலுக்குப் போக விட்டவங்கள். கிடைக்கேக்கதான் சமைக்கலாம். வாங்கோ, ஆறப்போகுது."

சில மாதங்கள் கழித்து அவுஸ்திரேலியாவிலிருந்து இன்னொரு சம்பந்தம் வந்தது. முதலில் தவராசா வேண்டாமென்றார். கணினி இல்லாமல் கலியாணம் பேச ஏலாதோ என்று புரோக்கரிடம் சண்டை பிடித்தார். புஸ்பராணிதான் ஒருமுறை கதைத்துப் பார்ப்போம் என்றாள்.

மறுபடி அதே கடை, அதே பலகை அறை. இந்த முறை தவராசா ஒரு முடிவோடு வந்திருந்தார். யாரையும் எதையும் நம்புவதில்லை. கண்ணாடியைக் கழற்றவில்லை. மகளை நடுவில் இருத்தினார். மௌஸ் மட்டும் பழையபடி மனைவியிடம்தான்.

மெல்பேணிலிருந்து ஒரு மெலிந்த இளைஞன் வந்தான். முன்னால் கிடந்த கதிரையில் தன் தாயை இருத்தி, முதுகுக்கு ஒரு தலையணை வைத்துவிட்டு, தான் பின்னால் நின்றுகொண்டான்.

"அம்மா கதைக்கட்டும் மாமா. எனக்கு அவதான் எல்லாம் பாக்கிறவ. நான் ஆஸ்பத்திரியில நோயாளியளைத் தள்ளுவண்டியில கொண்டு போற வேலை. அதை முதலே சொல்லிப்போட வேணும்."

தவராசா வாயைப் பிளந்தார். வேலை! கேட்காமலே சொல்லிவிட்டான்! நிரோஜினி முதன்முறையாக நகங்களை விட்டு நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். அங்கே தாய் ஏதோ சொல்ல, அவன் குனிந்து கேட்டுச் சிரித்தான். நிரோஜினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் திரையின் நடுவில் அந்தச் சின்னப் பெட்டி வந்து குந்தியது.

"ஐயோ, வந்திட்டுது!" தவராசா கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தார். "புஸ்பம், பெட்டி! முருகா, இதுவும் போகப்போகுது! ஸுஹைர், ஓடிவாரும்!"

புஸ்பராணி மௌஸை மெதுவாக வலப்பக்கம் நகர்த்தினாள்.

"சத்தம் போடாதேங்கோ. இந்தப் பெடியனுக்கு நான் 'பிறகு'தான் அமத்துவன்."