அடுத்த வருடம் இன்டர்நேஷனல்

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் இனம் செழித்து வளர்கிறது. 'அடுத்த வருடம் இன்டர்நேஷனல் போகப்போகிறவர்' என்பது அதன் பெயர். அரசாங்கம் இன்னும் கணக்கெடுக்கவில்லை. எடுத்தால் பிரிக்பீல்ட்ஸில் மட்டுமே ஒரு நாடாளுமன்றத் தொகுதி தேறும். இவர்களில் சமையல் காணொளிக்காரர் உண்டு, யோகா வாத்தியார் உண்டு, மேடையில் மூன்று நிமிடம் சிரிக்கவைப்பவர் உண்டு. ஆனால் சகல லட்சணமும் பொருந்தியவர் யார் என்று கேட்டால், இசைக்குழுப் பாடகர்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல், இலையில் இருக்கும் அப்பளத்தைத் தடவித் தேடிக்கொண்டிருப்பார். மண்டையைப் பிளக்கும் வெயிலில் தோல் ஜாக்கெட் போட்டிருப்பார். ஜொகூர் பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் மாமா மகனின் பிறந்தநாளில் இரண்டு பாட்டுப் பாடிவிட்டு வந்ததை 'ஓவர்சீஸ் டூர்' என்பார். 'பெரிய அறிவிப்பு விரைவில்' என்று வாரம் தவறாமல் பதிவிடுவார். அறிவிப்பு வராது. அடுத்த 'விரைவில்' வரும்.

உதாரணத்துக்கு லோகனை எடுத்துக்கொள்வோம். கோபிக்கமாட்டார், தன்னைப் பற்றி யார் என்ன எழுதினாலும் அவருக்கு அது விளம்பரம்தான்.

லோகனின் குழுவுக்கு 'லோரி பாய்ஸ்' என்று பெயர். கிள்ளானில் ஒரு லோரிப் பட்டறைக்குப் பின்னால் பாடிப் பழகியதால் வந்த பெயர் அது. உலகத்துக்காக அதை 'எல்-ஆர்-ஒய்' என்று சுருக்கி வைத்திருக்கிறார். அவர்களுடைய 'பூச்சோங் ஜாம்' பாட்டைத் தெரியாதவர் இந்த வட்டாரத்தில் உண்டா? பூச்சோங் வட்டாரத்துச் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்ட ஒருவன் முன்னால் நிற்கும் காரில் இருக்கும் பெண்ணைப் பார்த்துப் பாடுவது. 'ஹாரன் அடிக்காதடி, ஹார்ட்டே அடிக்குதடி' என்று அதில் வரும் வரியைக் கல்யாணத்தில் பாடுகிறார்கள், காதுகுத்தில் பாடுகிறார்கள், பத்துமலைக்குப் போகும் வாடகை பஸ்ஸில் பக்திப் பாடல்கள் தீர்ந்ததும் அதையே பாடுகிறார்கள்.

லோகனுக்கு அந்தப் பாட்டைக் கேட்டாலே எரியும். "உலகத்துல எவனுக்கு லா பூச்சோங் தெரியும்?" என்பார். ஜாம் தெரியுமே? இதை நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் 'உங்களுக்கு மார்க்கெட் புரியாது' என்பார். அந்தப் பாட்டுக்குப் பரிகாரமாக 'லோன்லி ஹைவே' என்று ஆங்கிலத்தில் ஒன்று எழுதினார். கல்யாண டின்னர்களில் இனி பாடுவதில்லை என்றும் சத்தியம் செய்தார், இமேஜ் கெட்டுவிடுமாம்.

இங்கேதான் தனேஷ் மாட்டிக்கொண்டார். தனேஷ், குழுவின் டிரம்மர். சின்ன வயதில் அவருடைய அப்பா டிரம்மைத் தூக்கி வாசலில் எறியப் போனபோது குறுக்கே நின்று தடுத்தவர் அக்கா உஷாராணி. அந்த அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "நீ ஹாலுக்குள்ள நடந்து வரப்ப எங்க பூச்சோங் ஜாம் பாட்டுதான்க்கா" என்று தனேஷ் வாக்குக் கொடுத்திருந்தார். லோகனிடம் அதைச் சொல்லத்தான் பயம்.

அதிசயமாக, லோகனே வந்து கேட்டார். ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊரின் இசை விழாக்காரர்கள் பதில் போட்டிருந்தார்கள்: உங்களை ரசிகர் கூட்டத்தோடு நேரலையில் பார்க்க வேண்டும், வெட்டி ஒட்டிய காணொளி வேண்டாம். கூட்டத்துக்கு எங்கே போவது? சாப்பாடு வரும்வரை எழுந்து போக முடியாத கூட்டம் கல்யாண டின்னரைத் தவிர வேறெங்கே கிடைக்கும்?

"டேய், உங்க அக்கா டின்னர்ல நம்ம பாடுறோம் லா."

தனேஷுக்குக் கண் கலங்கிவிட்டது. "மச்சான்! பொண்ணு என்ட்ரிக்கு பூச்சோங் ஜாம்தானே?"

"அதான் கிடையாது. எட்டு மணிக்கு லைவ். லோன்லி ஹைவே மட்டும். முடிஞ்சதும் அக்கா ஏதாச்சும் பாட்ட பென்டிரைவ்ல போட்டுட்டு வரட்டும்."

"அக்காகிட்ட ப்ராமிஸ் பண்ணிட்டேன் லா."

"நான் உலகத்துக்கிட்ட ப்ராமிஸ் பண்ணியிருக்கேன்."

உலகம் எப்போது கேட்டதோ தெரியவில்லை. தனேஷ் அக்காவிடம் எதுவும் சொல்லாமல் தவித்துக்கொண்டு திரிந்தார். அந்தப் பிள்ளையைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

டின்னர் கிள்ளானில். ஐரோப்பாவில் மணி என்ன, கோடைக்காலத்தில் எவ்வளவு மாறும் என்றெல்லாம் துல்லியமாகக் கணக்குப் போட்ட லோகன், கிள்ளானில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த ஒன்றை மறந்துவிட்டார். அழைப்பிதழில் ஏழரை என்றால் ஏழரைக்குத்தான் நாம் குளிக்கப் போவோம். எட்டு மணிக்கு அந்த மண்டபத்தில் இருந்ததெல்லாம்: வெள்ளைத்துணி விரித்த மேசைகள், பரிமாறும் ஆட்கள், ஐஸ்கட்டியைத் தின்றுகொண்டிருந்த இரண்டு பிள்ளைகள். லோகன் வேர்த்து விறுவிறுத்து ஐரோப்பாவை அழைத்து, "ஹைவேயில் பயங்கர ஜாம், ரசிகர்கள் மாட்டிக்கொண்டார்கள், ஒரு மணி நேரம் பொறுங்கள்" என்று கெஞ்சினார். எந்தப் பாட்டை வெறுத்தாரோ, அவசரத்துக்கு அதுதான் வாயில் வந்தது.

ஒன்பது மணிக்கு மண்டபம் நிறைந்தது. எல்லாருக்கும் பசி. மேடை ஓரத்தில் வைத்திருந்த கேமரா ஓடத் தொடங்க, லோகன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு 'லோன்லி ஹைவே'யை ஆரம்பித்தார். யாரும் அசையவில்லை. முன் மேசையிலிருந்து மாப்பிள்ளையின் பெரியம்மா வீரம்மா எழுந்து வந்தார்.

"தம்பி, பொண்ணு எப்ப வரும்? பசிக்குது லா."

"ஆன்டி, ப்ளீஸ். லைவ் போயிட்டு இருக்கு."

"எங்க வேணும்னாலும் போ. சோத்தப் போட்டுட்டுப் போ."

அப்போது கதவு திறந்தது. உஷாராணி வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. தம்பி சொன்ன பாட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். மேடையைப் பார்த்தார், அந்நியமான ஒரு பாட்டைக் கேட்டார், முகம் சுருங்கிப்போயிற்று. தனேஷ் லோகனைப் பார்த்தார். லோகன் பாடிக்கொண்டே 'கூடாது' என்று தலையாட்டினார்.

தனேஷ் குச்சியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். பிறகு அடித்தார் பாருங்கள், 'பூச்சோங் ஜாம்' தாளத்தை!

மண்டபமே எழுந்துவிட்டது. பாடகர் எதற்கு? பசியோடு இருந்த அத்தனை பேரும் பாடினார்கள். வீரம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடினார். உஷாராணி அழுது, மையெல்லாம் வழிந்து, மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு ஆடியபடியே உள்ளே வந்தார். தம்பியைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காக எத்தனை இசை விழாக்களையும் விட்டுக்கொடுக்கலாம். அங்கே பாடாத வாய் ஒன்றே ஒன்றுதான். அது லோகனுடையது.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் குழுவே கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்திருக்க, விழாக்காரப் பெண்மணி திரையில் வந்தார்.

"பிரமாதம்! நாங்கள் நேரலையில் சேர்ந்தபோதே கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஹாரன் பாட்டைத்தான் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள். நீங்கள் கட்டாயம் வரவேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள். மேடையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாயை மூடி நின்றாரே, அந்த செக்யூரிட்டி, அவர் கூட்டத்தை மறைக்கிறார். அடுத்த முறை அவரைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்வீர்களா?"

லோகன் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி ஜாக்கெட் பைக்குள் வைத்தார்.

"சொல்றோம் மேடம்," என்றார் தனேஷ்.

சிரித்து முடித்துவிட்டீர்களா? சரி, நீங்கள் எப்படி? வீட்டில் உள்ளவர்கள் உங்களைப் பாராட்டியபோது 'இவங்களுக்கு என்ன தெரியும்' என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, அதையே லண்டனிலிருந்து வந்த மைத்துனர் சொன்னதும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது யார்? அதை விடுங்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, 'இங்கிலீஷில் எழுதியிருந்தால் இது எங்கேயோ போயிருக்குமே' என்று ஒரு நொடி தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்பளம் உங்கள் இலையில்தான் இருக்கிறது.