வாடிவாசலில் நின்ற மின்னல்

சூர்யபிரகாஷின் கம்ப்யூட்டரில் வாடிவாசல் திறந்தது, காளை வரவில்லை. வாசல் சுவரில் கொம்பு இடித்தபடி ஆணி அடித்தாற்போல நின்றது.

சாயங்காலம் மாமனார் ரத்தினவேல் அவன் உருவாக்கும் ஜல்லிக்கட்டு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பார்க்க வருகிறார். காளை ஓடினால் அவன் இந்த வேலையையே தொடரலாம். ஓடாவிட்டால் திங்கட்கிழமை முதல் புதுக்கோட்டையில் அவருடைய சிமெண்டுக் கடையில் உட்கார வேண்டும். அவரைக் குளிர்விக்கத்தான், இதுவரை எவருமே பிடித்திராத அவருடைய காளை மின்னலையே விளையாட்டில் இறக்கியிருந்தான்.

காலையிலேயே மகளைப் பார்க்க வந்துவிட்ட மாமியார் பொன்னுத்தாய் எட்டிப் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அச்சு அசல் நம்ம மாடுதான் மாப்ளே! இப்படியே விட்டுருங்க.”

படத்தைப் பாராட்டுகிறார் என்று சூர்யா பூரித்துப்போனான்.

“நிக்கிறது, ஓடுறது, முட்டுறது எல்லாத்தையும் பாத்துக்கிற கேம் என்ஜின் சும்மாவே கெடைக்குதாமே, அத எடுத்துக்கிட்டா என்னங்க?” என்றாள் மனைவி வைஷ்ணவி. “வீடு கட்டுங்கன்னா, செங்கலையும் நானே சுடுவேன்னு நிக்கிறீங்க.”

“சொந்தச் செங்கலோட கெத்தே தனிடி.”

வாசல் சுவரின் கெட்டியைக் குறைத்தான். தரைக்கும் அதே கணக்குத்தான் என்பது மறந்துபோயிற்று. மின்னல் வெளியே வந்து, நாலு எட்டு வைத்து, தரைக்குள் இறங்கியது. கொம்பு மட்டும் மண்ணைக் கிழித்துக்கொண்டு ஓடியது.

“உழுவுதா?”

“சும்மா இருடி.”

தரை மேல்நோக்கித் தள்ளும்படி மாற்றினான். மின்னல், பின்னணியில் வரைந்திருந்த திருமயம் கோட்டைக்கு மேலே பறந்தது. எடையைக் கூட்டினான். இறங்கிய மின்னல், விழாமேடையைக் கொம்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போயிற்று.

“கமிட்டிக்காரவுகளையும் கூட்டிக்கிட்டு எங்கிட்டுப் போகுது?” என்று வைஷ்ணவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

சுவருக்கு ஒரு கணக்கு, தரைக்கு ஒரு கணக்கு என்று அவன் அவசரமாகப் பிரித்து எழுதி முடிக்கவும், வாசலில் பைக் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

ரத்தினவேல் வந்து உட்கார்ந்தார். வாடிவாசல் திறந்தது. மின்னல் பாய்ந்தது! தரையில் கால் பதிந்தது, புழுதி பறந்தது. வீரன் ஒருவன் தாவித் திமிலை அணைத்தான்; எல்லைக்கோடு வரை விடவேயில்லை.

‘மாடு பிடிபட்டது’ என்று மைக் முழங்கியது.

“ஓடுது மாமா! என் என்ஜின் ஓடுது!” சூர்யா நாற்காலியோடு துள்ளினான்.

மாமனார் முகம் கறுத்தது. “எம்மாட்டப் புடிச்சவன் எவன் மாப்ளே?”

“கம்ப்யூட்டர்தான் மாமா...”

“எந்த ஊரு வாடியிலயும் ஒரு பயலோட வெரலு பட்டதில்ல அது மேல! நீங்க வீட்டுக்குள்ள வச்சே மானத்த வாங்கிட்டீங்களே!” கடைச் சாவியை எடுத்து நீட்டினார். “திங்கக்கெழம வந்து சேருங்க.”

சூர்யா சாவியை வாங்கக் கையை நீட்டினான்.

“அந்தச் சாவிய உள்ள வைங்க,” என்று அடுப்படியிலிருந்து பொன்னுத்தாயின் குரல் வந்தது. “காலையில நின்னுச்சே, அதுதான் மாப்ளே சரி. ஒங்க மாமா மாடு இன்னைக்கு வரைக்கும் ஒரு வாடிவாசல விட்டும் வெளிய வந்ததில்ல!”